ஒரு திறவுகோல், பல கதவுகள்



செஞ்சி இராஜகிரி மலையேறியவர்களுக்கு, உச்சிக் கோட்டை வாயிலுக்கு முன்னுள்ள ஆழ்ந்த பிளவு நினைவிருக்கும். அதைக் கடக்கப் பாலம் ஒன்றே வழி. அப்பாலத்தை எடுத்துவிட்டால் ஒரு சிலரே பெரும் படையைத் தடுத்துவிடலாம் என்பர். பாலம் பகைவன் வசமானாலோ, மேலே உள்ள அனைத்தும் அவன் வசமே.

நம் அனந்தபுரத்துப் பிள்ளைகளின் கைப்பேசியிலும் இத்தகைய பாலம் ஒன்று உண்டு. வேலைக்கு விண்ணப்பிக்கவோ, பாடம் கற்கவோ புதிய தளமொன்றைத் திறக்கையில், 'கூகுள் கணக்கின் வழியாக நுழைக' என்றிருப்பதைத் தொட்டுவிடுகின்றனர். அப்போது நம் கடவுச்சொல் அத்தளத்துக்குச் செல்வதில்லை. 'இவரை அறிவோம்' என்று கூகுள் ஓர் அறிமுகச் சீட்டு அனுப்புகிறது. அதை நம்பி அத்தளம் கதவைத் திறக்கிறது. மத்திய அரசும் 2022 ஜூலையில் 'மேரி பெஹ்சான்' என்ற பெயரில் இம்முறையைத் தொடங்கியது. டிஜிலாக்கர் கணக்கு ஒன்றைக் கொண்டே பல அரசுச் சேவைகளுள் நுழையலாம்.

இதைத் தீதென்று நான் சொல்லேன். எல்லாத் தளங்களுக்கும் ஒரே கடவுச்சொல்லை, அதுவும் பிள்ளையின் பிறந்த தேதியை, வைப்பதினும் இது மேலானதே. ஆயினும் 2018 செப்டம்பரில் ஃபேஸ்புக்கில் நேர்ந்த களவை நினைவிற்கொள்ளுங்கள். முதலில் 5 கோடிக் கணக்குகள் என்றார்கள்; பின்னர் 3 கோடி என்று திருத்தினார்கள். களவுபோனவை கடவுச்சொற்கள் அல்ல, கணக்கினுள் நுழையவிடும் மின்சீட்டுகள். அவற்றைக் கொண்டு பிற தளங்களும் திறக்கப்பட்டனவோ என்று உலகம் அஞ்சியது. அதற்குச் சான்றில்லை என்று நிறுவனம் அறிவித்தது.

என்னை அதிகம் வருத்துவது நமக்கு அருகிலேயே நடப்பது. விண்ணப்பம் போடக் கணினி மையத்துக்குச் செல்லும் பிள்ளைக்கு மின்னஞ்சல் கணக்கே அங்கேதான் பிறக்கிறது. கடவுச்சொல்லை அமைப்பவர் மையத்தார். சில வேளை மீட்பு எண்ணும் அவருடையதே. அவர் நல்லவராகவே இருக்கட்டும். சில ஆண்டுகள் சென்று நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வரும் நாளில் கடை மூடப்பட்டிருந்தால் என் செய்வது? 2 ஆண்டுகள் பயன்படுத்தப்படாத தனியார் கணக்கை நீக்கிவிடலாம் என்று 2023இல் கூகுள் விதியும் வகுத்துவிட்டது.

ஆகவே இன்றிரவு உணவுக்குப் பின் பிள்ளைகளோடு அமர்ந்து அக்கணக்கைத் திறந்து பாருங்கள். மீட்பு எண் யாருடையது? இரண்டு படிச் சரிபார்ப்பு இயங்குகிறதா? இணைக்கப்பட்ட தளங்களின் பட்டியலும் அங்கேயே உண்டு, வேண்டாதவற்றை நீக்குங்கள். மையத்துக் கணினியாயின், கணக்கிலிருந்து வெளியேறிய பின்னரே எழுந்திருங்கள். பாட்டியின் கணக்கு பேரனுடைய எண்ணில் இருக்குமானால், அவன் சென்னையில் சிம் மாற்றுமுன் வீட்டுக்கு ஒரு வார்த்தை சொல்லட்டும்.