கொல்லைப்புற டம்ளர்

ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் ‘மணமகள் தேவை’ பகுதியைப் பாருங்கள். ஆர்.சி. உடையார், சி.எஸ்.ஐ. நாடார்... ஏசு எந்தப் பிரிவு என்று யாராவது விசாரித்துச் சொன்னால் தேவலை.

இது புது வியாதி இல்லை. தஞ்சாவூர் திருச்சபையில் வேளாளர் ஒரு பக்கம், தலித்துகள் ஒரு பக்கம் என்றுதான் உட்கார்ந்தார்கள். சாதியை உடனே அடியோடு விட்டுவிட வேண்டும் என்று 1833-ல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் உத்தரவு போட்டார். பலர் சாதியை விடவில்லை, சபையை விட்டார்கள். நாம் இன்றும் உருகிப் பாடும் கீர்த்தனைகளை எழுதிய தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரே சாதிக்கு வக்காலத்து வாங்கினார்.

இன்றைக்கு, தலித் கிறிஸ்தவர்களை எஸ்.சி. பட்டியலுக்கு வெளியே நிறுத்தும் 1950 ஆணையை எதிர்த்து ஊர்வலம் போகிறோம். நியாயமான கோபம். ஊர்வலம் முடிந்து வீட்டுக்கு வந்தால்? நடவுக்கு வந்த அம்மாவுக்குக் கொல்லைப்புறத்தில் தனி டம்ளர்! மகள் தலித் பையனை விரும்பினால், அவனும் அதே கோயிலில் நன்மை வாங்குகிறவன்தான் என்றாலும், வீட்டில் இழவு விழுந்த மாதிரி ஒப்பாரி.

ஆணையை டெல்லிதான் மாற்ற வேண்டும். டம்ளரை மாற்ற யார் கையெழுத்து வேண்டும்?

வருகிற ஞாயிறு பூசையோ ஆராதனையோ முடிந்ததும், அந்த அம்மாவை உள்ளே கூப்பிட்டு உட்கார வையுங்கள். நீங்கள் குடிக்கிற டம்ளரிலேயே காபி கொடுங்கள். பிரசங்கமெல்லாம் அப்புறம்.