பெட்டி எங்கே தப்பியது?

ஓய்வு பெற்று மூன்று வருஷம் கழித்துப் பெட்டி வரைய ஆரம்பித்தேன். பட்டாசுப் பெட்டி, தீப்பெட்டி, வெறும் அட்டைப் பெட்டி. காரணம் கொஞ்சம் பழையது.

எட்டாம் வகுப்பில் டிராயிங் பரீட்சைக்கு ஒரு தீப்பெட்டியைப் பார்த்து வரையச் சொன்னார்கள். வீட்டில் அம்மாவும் அக்காவும் தீப்பெட்டி ஒட்டியவர்கள். சிவகாசிப் பையனுக்குத் தீப்பெட்டி தெரியாதா? பத்துக்கு மூன்று போட்டு, "பெட்டியாடா இது?" என்று தாளை நீட்டினார் வாத்தியார். வகுப்பே சிரித்தது. எங்கே தப்பு என்று அவர் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை. அன்றைக்குக் கீழே வைத்த பென்சிலை ஐம்பது வருஷம் கழித்துத்தான் எடுத்தேன்.

இப்போது முதல் இருபது பெட்டிகளைப் பார்த்த உறவுக்காரர்கள் எல்லோரும் "அருமை" என்றார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. இருபத்தொன்றாவது பெட்டியைத் தெருமுனையில் இருக்கும் பெயிண்டர் அண்ணாச்சி பார்த்தார். விருதுநகரில் ஒரு காலத்தில் பாதிக் கடைகளுக்குப் போர்டு எழுதியவர்.

"தம்பி, பொட்டி பின்பக்கம் வீங்கிக் கெடக்கே."

சிவப்புப் பென்சிலை வாங்கி, பெட்டியின் ஒரு பக்கத்துக் கோடுகளைப் பின்னால் நீட்டினார். விருதுநகர் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் நின்று பார்த்தால் தண்டவாளம் இரண்டும் தூரத்தில் போய்ச் சேருவதுபோல் தெரியும் இல்லையா? பெட்டியின் விளிம்புகளும் அப்படித்தான் கண்மட்டத்தில் ஒரு புள்ளியை நோக்கிப் போக வேண்டும். என் கோடுகள் விசிறி மாதிரி விரிந்துகொண்டு போயின. ஒரு நிமிஷ வேலைதான். எட்டாம் வகுப்பில் செய்த தப்பும் இதுவாகத்தான் இருந்திருக்கும்.

அண்ணாச்சி கற்றதும் இப்படியே. சுவரில் கண்மட்டத்தில் ஒரு ஆணி, அதில் சுண்ணாம்புப் பொடி தடவிய நூல். பையன் போட்ட கோடு நூலோடு சேராவிட்டால் அழித்துவிட்டு மறுபடி போட வேண்டும். திட்டெல்லாம் கிடையாதாம். நூலே சொல்லிவிடும்.

நம் பக்கத்தில் இதற்கு ஒரு பரம்பரையே உண்டு. கோவில்பட்டி கொண்டையராஜு (1898–1976) சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர், பிறகு நாடகக் கம்பெனிகளுக்குத் திரை எழுதியவர். தெரு சீனும் தர்பார் சீனும் தட்டைத் துணியில் ஆழமாகத் தெரிந்தாக வேண்டும். தப்பினால் தரை டிக்கெட்காரனுக்கே தெரிந்துவிடும். அவரும் அவருடைய சீடர்களும் வரைந்த சாமி படங்கள் சிவகாசியில் அச்சாகி, காலண்டராக ஊர் ஊராகப் போயின. அந்த மாதிரிப் பழைய காலண்டர் கிடைத்தால் முருகனைக் கும்பிட்டுவிட்டு, அவர் நிற்கும் மண்டபத்தின் தூண்களையும் தரையையும் பாருங்கள். இத்தாலியில் ஆல்பர்ட்டி என்பவர் 1435-இல் எழுதிய ஓவிய நூலில், வரைந்ததைக் கண்ணாடியில் காட்டிப் பார், குறை தெரியும் என்கிறார். அங்கே கண்ணாடி, இங்கே நூல்.

மார்க் போடுவதைத் திருத்துவது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். குறை சொன்னால் பிள்ளைகள் சுருங்கிவிடும் என்று இப்போது எல்லாவற்றுக்கும் "சூப்பர்" சொல்லும் பழக்கமும் வந்துவிட்டது. இரண்டுமே எனக்கு ஒப்புதல் இல்லை. சிவப்புக் கோட்டைப் பார்த்து எந்தப் பிள்ளையும் சுருங்காது. "பெட்டியாடா இது" என்றால்தான் சுருங்கும்.

வாத்தியாரைக் குறை சொல்லும் யோக்கியதை எனக்கும் பெரிதாக இல்லை. ஆபீசில் முப்பது வருஷம் கீழே உள்ளவர்கள் எழுதிய கடிதங்களைச் "சரியில்லை, மீண்டும் எழுதவும்" என்று திருப்பியவன் நான். புதிதாகச் சேர்ந்த ஒரு பெண், மூன்றாவது முறை திருப்பியபோது, "எந்த வரி சார்?" என்று கேட்டாள். எதிர்த்துப் பேசுகிறாள் என்று எனக்குக் கோபம் வந்தது. நாலு மாதத்தில் வேறு பிரிவுக்கு மாற்றல் கேட்டுப் போய்விட்டாள். எந்த வரி என்று கடைசி வரை நான் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னால், எனக்கே அது தெளிவாகத் தெரிந்திருக்கவில்லை.

இப்போது நூற்றுப் பன்னிரண்டு பெட்டி ஆகிவிட்டது. இடப்பக்கக் கோடுகள் ஒழுங்காகச் சேர்கின்றன. வலப்பக்கம் மேல்கோடு மட்டும் இன்னும் துள்ளிக்கொண்டு வெளியே போகிறது. ஞாயிற்றுக்கிழமை அண்ணாச்சி வருகிறார். அதற்குள் சிவப்புப் பென்சிலை நானே ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட வேண்டும்.