மெக்சிகோ – தென்னாபிரிக்கா: காசு கட்டாதவர்களுக்கு ஒரு முன்னோட்டம்

வியாழன் இரவு தாண்டி, 2026 ஜூன் 12 அதிகாலை 12.30க்கு நம்ம நேரத்தில் உலகக் கிண்ணம் தொடங்குகிறது. மெக்சிகோ சிட்டியின் அஸ்டெக்கா மைதானத்தில் மெக்சிகோவும் தென்னாபிரிக்காவும். ஏ குழுவின் முதல் மேட்ச்.

பண்டாரவளைப் பக்கம் இப்போதெல்லாம் மேட்ச் பேச்சு "யாரு நல்லா வெளையாடுவான்" என்று தொடங்குவதில்லை. "யாரு மேல போடலாம்" என்றுதான் தொடங்குகிறது. "கம்பஸ்ல படிக்கிற புள்ளைங்கதானே, நெட்டுல பாத்து ஒரு டிப் சொல்லுங்களேன்" என்று எங்களைக் கேட்கிற அண்ணன்மார் இருக்கிறார்கள். எங்களிடம் டிப் இல்லை. ஏன் இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம், பிறகு மேட்ச்சுக்கு வருவோம்.

பந்தயக்காரர்களுக்கென்றே எழுதப்படுகிற முன்னோட்டத்தை நீங்களும் போனில் பார்த்திருப்பீர்கள். கடைசி ஐந்து மேட்ச் எப்படி, நேருக்கு நேர் யார் எத்தனை வெற்றி, யாருக்குக் காயம், முடிவில் தடித்த எழுத்தில் ஒரு கணிப்பு. அதற்குக் கீழே ஒரு லிங்க். மேலே எழுதியதெல்லாம் அந்த லிங்குக்காகத்தான். அதன் வழியாக நீங்கள் கணக்குத் திறந்தால் எழுதியவருக்குக் கமிஷன் போவது இந்தத் தொழிலில் வழக்கம். சில ஏற்பாடுகளில் அந்தக் கமிஷன் நீங்கள் தோற்கிற காசில் ஒரு பங்கு! நாம் தோற்றால் லாபம் பார்க்கிற ஆள் நமக்கு வெல்லும் வழி சொல்லித் தருகிறார்.

விகிதத்தையும் பாருங்கள். உதாரணத்துக்கு மெக்சிகோ வென்றால் 1.50, சமநிலை 4.00, தென்னாபிரிக்கா வென்றால் 6.00 என்று வைத்துக்கொள்வோம் (நாங்களாகப் போட்ட எண்கள்தான், ஆனால் கணக்கு எங்கேயும் இதே மாதிரிதான் ஓடும்). எது நடந்தாலும் ஆயிரம் ரூபா திரும்பி வருகிற மாதிரி மூன்றின் மேலும் பிரித்துப் போட வேண்டுமென்றால் 667, 250, 167. கூட்டினால் 1,084 ரூபா. கையில் வருவது ஆயிரம். அதாவது விசில் ஊதும் முன்பே 84 ரூபா போய்விட்டது. "ஐந்து மேட்ச்சைக் கோத்துப் போடு, பெரிய காசு" என்கிறார்களே, ஒவ்வொன்றிலும் இதே வெட்டு விழும். ஐந்து முடியும்போது ஆயிரத்துக்குச் சராசரியாக 670 ரூபா அளவுதான் திரும்பும். காயம், பார்ம் எல்லாம் அந்த விகிதத்துக்குள் ஏற்கெனவே போய்ச் சேர்ந்துவிட்ட செய்தி. உங்களுக்கு முன்னாலேயே கம்பெனிக்குத் தெரியும்.

ஆயிரம் ரூபா என்று உதாரணம் எடுத்தது சும்மா இல்லை. 2015இல் கேட்கத் தொடங்கிய ஆயிரம் ரூபா நாட்சம்பளம் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தது 2021இல். அம்மா அன்று ஒரு நாள் முழுக்க மலையில் நின்று, கொழுந்து கிலோ காட்டி, ஒரு பேர் போட்டு வாங்கிய காசு அது. ரேஸ் புக்கி நம்ம ஊர்களுக்குப் புதுசில்லை, ஒத்துக்கொள்கிறோம். ஆனால் புக்கிக்குப் போக டவுனுக்கு பஸ் ஏற வேண்டும், தெரிந்தவர் நாலு பேர் பார்ப்பார்கள், வீட்டுக்குக் கதை வரும். போனில் லயத்துக் காம்பராவுக்குள் போர்வைக்குக் கீழேயே எல்லாம் முடிந்துவிடுகிறது. சூதாட்டத்தை ஒழுங்குபடுத்த ஓர் அதிகாரசபை அமைக்கும் சட்டத்தைப் பாராளுமன்றம் 2025இல் நிறைவேற்றியது. அது அந்தப் போர்வை வரைக்கும் வருமா என்பது எங்கள் சந்தேகம்.

சரி, மேட்ச்.

எல்லாரும் முதலில் சொல்லப்போவது உயரம். அஸ்டெக்கா ஏறக்குறைய 2,200 மீற்றரில் இருக்கிறது. பண்டாரவளையை விட ஆயிரம் மீற்றர் அதிகம், நுவரெலியாவையும் தாண்டி. அங்கே காற்று மெல்லிசு. பந்து வேகமாகப் போகும், மூச்சு சீக்கிரம் முட்டும். ஆகவே மெக்சிகோவுக்குச் சாதகம் என்று எழுதி முடித்துவிடுவார்கள். ஆனால் ஹியூகோ புரூஸ் கட்டியெழுப்பிய தென்னாபிரிக்க அணியின் முதுகெலும்பு சன்டவுன்ஸ், ஒர்லாண்டோ பைரட்ஸ் என்ற இரண்டு உள்ளூர்க் கழகங்கள். ஒன்று பிரிட்டோரியா, மற்றது ஜொஹன்னஸ்பேர்க். ஜொஹன்னஸ்பேர்க்கே 1,700 மீற்றருக்கு மேல். இவர்களும் மலைநாட்டுப் பிள்ளைகள்தான். ஐரோப்பாவின் கடற்கரை நகரத்திலிருந்து வருகிற அணி மாதிரி எழுபதாவது நிமிடத்தில் இடுப்பில் கை வைத்து நிற்பார்கள் என்று நாங்கள் எதிர்பார்க்கவில்லை.

2010 ஜூன் 11, ஜொஹன்னஸ்பேர்க்: அன்றைய உலகக் கிண்ணத்தின் முதல் மேட்ச்சும் இதே இரண்டு அணிகள்தான். ஷபலாலா அடித்த கோல் இன்னும் யூடியூபில் சுற்றுகிறது, மார்க்கேஸ் சமப்படுத்தினார், 1-1. அன்று மெக்சிகோவின் பயிற்றுநர் ஹாவியர் அகிரே, இன்றும் அவரே. இன்னொன்று, 1986இல் மெக்சிகோவில் நடந்த உலகக் கிண்ணத்தில் அகிரே மெக்சிகோ அணியில், புரூஸ் பெல்ஜியம் அணியில். நாற்பது வருடம் கழித்து இரண்டு கிழவர்களும் அதே நாட்டில், எதிரெதிர் வாங்கில். பந்தய முன்னோட்டத்தில் இதற்கு இடமில்லை, இதன் மேல் காசு கட்ட முடியாதே!

தென்னாபிரிக்கா வந்த பாதையும் லேசானதில்லை. லெசோத்தோவை 2-0 என வென்ற மேட்ச்சில் தடையில் இருந்த ஒரு வீரரை இறக்கியதால், பீபா மாதக்கணக்கில் கழித்து அதை 3-0 தோல்வியாக மாற்றிப் புள்ளிகளைப் பிடுங்கியது. அதற்குப் பிறகும் கடைசி மேட்ச்சில் ருவாண்டாவை 3-0 என வென்று குழுவில் முதலாவதாகத் தகுதி பெற்றார்கள்.

இந்த முறை 48 அணி, 12 குழு. மூன்றாமிடம் பிடிக்கிற 12 அணிகளில் எட்டு அடுத்த சுற்றுக்குப் போகும். 2016 யூரோவில் போர்த்துக்கல் குழு நிலையில் ஒரு மேட்ச்சும் வெல்லாமல், மூன்று சமநிலையோடு மூன்றாவதாக வந்து, கடைசியில் கிண்ணத்தையே தூக்கியது. அதனால் முதல் மேட்ச்சில் ஒரு புள்ளி கிடைத்தாலே புரூஸுக்குத் தங்கம். அவசரம் முழுக்க மெக்சிகோவுக்கு, சொந்த ஊர் ரசிகர்களுக்கு முன்னால். முதல் இருபது நிமிடம் தென்னாபிரிக்கப் பின்வரிசை எவ்வளவு கீழே இறங்கி நிற்கிறது என்று பாருங்கள். கோல் காப்பாளர் ரோன்வென் வில்லியம்ஸையும் பாருங்கள், 2024 ஆபிரிக்கக் கிண்ணக் காலிறுதியில் கேப் வேர்டிக்கு எதிராக நான்கு பெனால்டிகளைத் தடுத்தவர்.

ஸ்கோர் கேட்டால் எங்களுக்குள்ளேயே ஒற்றுமை இல்லை. ஒருத்தி 1-1 என்கிறாள், மீதிப் பேர் மெக்சிகோ 2-1. தோற்கிறவர்கள் வெள்ளிக்கிழமை காலையில் எல்லாருக்கும் பிளேன்டீ வாங்கித் தர வேண்டும்.