நாலு நாள் கேட்டவருக்கு இரண்டு நாள் கொடுத்தேன்

மூன்று வாரமாக ஒன்றும் எழுதவில்லையே, உடம்பு சரியில்லையா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். நன்றாக இருக்கிறேன். வான்கூவர் பக்கம் மகள் வீட்டில், ஒரு பெஞ்சுக்கு வெள்ளை அடித்துக்கொண்டிருந்தேன். ஒருமுறை அல்ல, இரண்டுமுறை. அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இங்கே வேலி, படிக்கட்டு, தோட்டத்து நாற்காலி என்று எங்கு பார்த்தாலும் சீடர் மரம். செம்பழுப்பு நிறம், கையில் எடுத்தால் லேசு, நல்ல வாசனை. பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் அரசு மரமே அதுதான். பெயர்தான் சீடர்; நம் இமயமலைத் தேவதாரு போன்ற உண்மையான சீடர் குடும்பம் அல்ல, தூயா என்ற வேறு இனம்.

பேத்தியின் பிறந்தநாளுக்குள் பெஞ்சு வெள்ளையாக வேண்டும் என்று எனக்கு அவசரம். "அப்பா, முதல்ல ப்ரைமர் அடிக்கணும்னு டப்பாவிலேயே போட்டிருக்கு" என்றாள் மகள். "இதெல்லாம் கடைக்காரன் விற்கிற தந்திரம்மா" என்று சொல்லிவிட்டு, தண்ணீரில் கரையும் வெள்ளை பெயிண்டை நேராகப் பூசினேன். அன்று மாலை பால்போல இருந்தது. இரண்டு நாள் பனியில் நனைந்ததும், டீ கொட்டியதுபோல் பழுப்புத் திட்டுகள். ஆணி அடித்த இடமெல்லாம் கறுப்பு வளையம்.

முப்பது வருடம் அறிவியல் நடத்தியவனுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். சீடரில் டேனின் போன்ற பொருள்கள் ஊறிக் கிடக்கின்றன. அந்த மரம் சீக்கிரம் மட்காமல் இருப்பதற்கு உள்ளே ஊறியிருக்கும் இத்தகைய பொருள்கள்தான் காரணம். பெயிண்டில் உள்ள தண்ணீர் உள்ளே போய் அவற்றைக் கரைக்கிறது. காயும்போது மேலே இழுத்து வருகிறது. அதுதான் பழுப்பு. டேனினோடு இரும்பு சேர்ந்தால் கறுக்கும். இரும்புக் கத்தியில் நெல்லிக்காய் நறுக்கிய எந்தப் பாட்டிக்கும் இது தெரியும்.

பக்கத்து வீட்டில் ஒரு வயதான தச்சர். பார்த்துவிட்டுச் சிரிக்கவில்லை, அதுவே பெரிய மரியாதை. அவர் சொன்னபடி எல்லாவற்றையும் சுரண்டி எடுத்தேன். 80-ஆம் எண் உப்புத்தாளால் இழை போகும் திசையிலேயே தேய்த்தேன். வழவழவென்று கண்ணாடியாக்கக் கூடாதாம், பெயிண்ட் பிடிக்க மரத்தில் கொஞ்சம் சொரசொரப்பு வேண்டும். தேய்த்த பின் நாலு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்க்க வேண்டும். உருண்டு நின்றால் மரம் தயாரில்லை, உறிஞ்சினால் தயார். சொட்டு காய்ந்த பிறகு, தூசியைத் துடைத்து, கறையைத் தடுக்கும் எண்ணெய் ப்ரைமரை ஆறு பக்கமும் அடிக்க வேண்டும், கண்ணுக்குத் தெரியாத அடிப்பக்கம் உட்பட. வெட்டிய முனைகளுக்கு இரண்டு தடவை, ஏனென்றால் மரம் அந்த வழியாகத்தான் அதிகம் தண்ணீர் குடிக்கும். ஆணிகளைப் பிடுங்கி ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்க்ரூ போட்டேன். கடைசியில் வெள்ளை பூச ஆனது ஒரே ஒரு பகல். அதற்கு முந்தைய வேலைக்கு நான்கு நாள்.

நான்கு நாள் என்று எண்ணியபோதுதான் கை நின்றுவிட்டது.

1994-இல் ஊரில் வீடு கட்டினேன். உங்களில் பலர் வந்து சாப்பிட்ட வீடு. தேக்கு வாசற்கதவுக்குப் பாலிஷ் போட வந்தவர் நாலு நாள் கூலி கேட்டார். தேய்க்க இரண்டு நாள், சீலர் அடித்து மறுபடி தேய்க்க ஒரு நாள், பாலிஷுக்கு ஒரு நாள். "ஒரு கதவை மினுக்க நாலு நாளா? இரண்டு நாளில் முடி" என்றேன். முடித்தார். ஐப்பசி மழையில் கதவு செதில் செதிலாக உரிந்தது. அவரைக் கூப்பிட்டு, தெருவில் பத்துப் பேர் முன்னால் திட்டினேன். பாக்கி இருந்த 150 ரூபாயையும் கொடுக்கவில்லை. அவர் சொன்னது ஒன்றே ஒன்று: "நாள் பத்தலை சார்." அதைச் சாக்கு என்று நினைத்தேன். அது விளக்கம் என்று புரிய எனக்கு முப்பது வருடமும் ஒரு பெஞ்சும் தேவைப்பட்டன.

என் கருத்து இதுதான். பெயிண்ட் நல்ல கம்பெனியா என்று ஆயிரம் பேரிடம் விசாரிக்கிறோம். அதற்குக் கீழே நடக்கும் வேலையின் கூலியைத்தான் முதலில் குறைக்கிறோம். சதுர அடிக்கு இவ்வளவு என்று அடித்துப் பேசி ரேட்டை இறக்கினால், வேலைக்காரர் எதைக் குறைப்பார்? கண்ணுக்குத் தெரிவதைக் குறைக்க முடியாது. தேய்ப்பதையும் காயவிடுவதையும்தான் குறைப்பார். பிறகு உரிந்தால் பழி அவருக்கு.

"சார், இப்போது ப்ரைமரும் பெயிண்டும் ஒரே டப்பாவில் வருகிறதே" என்று பொறியாளர் மாணவர்கள் சொல்வீர்கள். வரட்டும். உப்புத்தாள் தேய்க்கும் கை எந்த டப்பாவிலும் வராது.

வீடு கட்டுகிற பிள்ளைகளுக்கு மூன்று வேண்டுகோள். தேய்ப்பது, சீலர், காயவிடுவது இவற்றுக்கான நாட்களைத் தனியாகப் பேசி, தனியாக எழுதி, தனியாகக் கூலி கொடுங்கள். முதல் பூச்சுக்கு முன் ஒருமுறை போய் மரத்தைக் கையால் தடவிப் பாருங்கள். தேய்க்கிறவருக்கு நல்ல முகக்கவசம் உங்கள் செலவில் வாங்கிக் கொடுங்கள். இந்தச் சீடர் தூளில் உள்ள பிளிகாட்டிக் அமிலம் தச்சர்களுக்கு ஆஸ்துமா கொடுக்கும் என்று இங்குள்ள மருத்துவர்கள் கண்டறிந்திருக்கிறார்கள். நம் ஊர் மரத்தூளும் நெஞ்சுக்கு நல்லதல்ல. என் கதவைத் தேய்த்தவர் துண்டைத்தான் மூக்கில் கட்டியிருந்தார்.

அவர் இன்று இல்லை. அவர் மகன் என்னிடம் எட்டாம் வகுப்பு படித்தவன், இந்தப் பதிவைப் பார்ப்பான். தம்பி, உன் அப்பா வேலையில் குறை இல்லை. குறை நான் கொடுத்த நாளில். அன்று நான் திட்டியதைப் பத்துப் பேர் கேட்டார்கள், அதனால் இதையும் எல்லோர் முன்னாலும் சொல்கிறேன். தை மாதம் ஊருக்கு வருகிறேன். முதலில் உன் வீட்டுக்குத்தான் வருவேன். அந்தப் பாக்கியை வாங்கிக்கொள்வதும் மறுப்பதும் உன் விருப்பம்.

கதவு இன்னும் அப்படியேதான் இருக்கிறது. இந்தமுறை நாலு நாள் கொடுத்துச் செய்ய வேண்டும்.

அன்புடன்,
உங்கள் அறிவியல் சார்