வடதிசைப் பயணத்தில் உடன்வரும் உயிர்

காசி, பத்ரி, கேதாரம் என்று யாத்திரைக்கு நாள் குறித்தவுடன் கடலூர், சிதம்பரம் வட்டாரத்து இல்லங்களில் ஒரு கேள்வி எழுவதுண்டு. பயணச்சீட்டு ஆயிற்று, மருந்து ஆயிற்று, கம்பளியும் ஆயிற்று. அடுக்களை வாசலில் பாலுக்கு வந்து நிற்கும் பூனையை என்ன செய்வது? பிள்ளைகள் அயலூரிலும் அயல்நாட்டிலும் இருக்க, முதியோர் இருவர் மட்டுமே வாழும் வீட்டில் அந்தப் பூனைதான் மூன்றாமவர். உடன் அழைத்துச் சென்றால்தான் என்ன என்று எண்ணுவோரும் இப்போது உண்டு.

2022-ஆம் ஆண்டு மே மாதத்தில் வடநாட்டு அன்பர் ஒருவர், தாம் வளர்த்த நாயைக் கேதாரநாதம் வரை கொண்டு சென்று, நந்தி தேவரைத் தொடச் செய்து, நெற்றியில் திலகமும் இடச் செய்தார். அக்காட்சி நாடெங்கும் பரவியது. ஆலயக் குழு காவல் துறையினரிடம் முறையிட்டது. ஆசாரக் கேடு என்றனர் சிலர். அன்பின் மிகுதி என்றனர் சிலர். இத்தகைய வழக்கு எழும்போதெல்லாம் மகாபாரதத்து நாய் நினைவுக்கு வருவது இயல்பே.

பதினேழாவது பருவமான மகாபிரஸ்தானிக பருவத்தில், பாண்டவர் ஐவரும் திரௌபதியும் மரவுரி தரித்து அத்தினாபுரத்தை விட்டுப் புறப்படுகின்றனர். ஒரு நாயும் பின்தொடர்கிறது. இமயத்தைக் கடந்து, மணற்கடலையும் கடந்து, மேருவை நோக்கி நடக்கையில் முதலில் திரௌபதி விழுகிறாள். பின்னர் சகாதேவன், நகுலன், அருச்சுனன், வீமன் என்று ஒவ்வொருவராக வீழ்கின்றனர். எஞ்சியவர் தருமபுத்திரரும் அந்த நாயுமே. இந்திரன் தேருடன் வந்து, நாய்க்குச் சுவர்க்கத்தில் இடமில்லை, அதை விட்டுவிட்டு ஏறுக என்கிறான். தருமர் மறுக்கிறார். உடன்பிறந்தாரையும் மனைவியையும் விட்டு வந்தவனுக்கு இந்த நாயை விட மனமில்லையா என்று இந்திரன் மடக்குகிறான். அதற்குத் தருமர் தரும் விடைதான் கூர்ந்து நோக்கத் தக்கது. அவர்கள் மாண்டுவிட்டனர், அவர்களை எழுப்பும் ஆற்றல் தமக்கில்லை, உயிரோடிருக்கும்போது அவர்களைத் தாம் கைவிடவில்லை என்கிறார். நம்பி வந்த உயிரை, அது உயிரோடு நிற்கும்போதே விடுவது பெரும் பாவம் என்பது அவர் துணிவு. நாய் வடிவில் வந்திருந்தது தரும தேவதையே என்பது பின்னர்த்தான் தெரிகிறது.

ஆயினும் கேதார நிகழ்ச்சிக்கு இது முழுச் சான்றாகாது. தருமர் அந்த நாயை அழைத்துச் செல்லவில்லை; அது தானே வந்தது. பூனையின் இயல்போ வேறு. தன் வீட்டுச் சுவரும் கூரையும் மணமும்தான் அதற்கு உலகம். இரயிலின் இரைச்சலிலும் கூடைக்குள்ளும் அது நடுங்கிப் போகும். கேதாரம் 3,583 மீட்டர் உயரத்தில் உள்ளது. மனிதருக்கே மூச்சு வாங்கும் இடம். ஆகவே நம்பிக்கையான அண்டை வீட்டாரிடம் ஒப்படைத்து, உணவுக்கும் பாலுக்கும் பணம் தந்து செல்வதே அதற்குச் செய்யும் அன்பு. பூனைக்கு என்ன, எங்காவது தின்னும் என்று கதவைப் பூட்டிச் செல்வதுதான் கைவிடுதல்.

தருமருக்கு ஒரு நாயேனும் துணை இருந்தது. கடலூர் மாவட்டத்துத் திருவாமூரில் தோன்றிய திருநாவுக்கரசர், கல்லே தெப்பமாகத் திருப்பாதிரிப்புலியூரில் கரையேறிய அப்பெருமான், முதுமையில் கயிலை காணப் புறப்பட்டபோது, காசிக்கு அப்பால் தனியராகவே சென்றார். தில்லை ஆயிரக்கால் மண்டபத்தில் சேக்கிழார் அரங்கேற்றிய பெரியபுராணம் அப்பயணத்தை விரிவாகப் பேசுகிறது. கொடிய விலங்குகள் அஞ்சி விலகின. பாம்புகள் தம் படத்து மணிகளால் இரவில் ஒளி காட்டின. பாதங்கள் தேய்ந்தபின் கைகளால் ஊர்ந்தார். கைகளும் தேய மார்பால் நகர்ந்தார். அதுவும் இயலாதபோது புரண்டார். முனிவர் வடிவில் வந்த இறைவன் திரும்பிச் செல்லச் சொல்லியும் இசையவில்லை. இறுதியில், அங்கிருந்த குளத்தில் மூழ்கித் திருவையாற்றில் எழுமாறு ஆணை பிறந்தது.

இவ்விடத்தில் வைணவப் பெரியோர் சொல்லும் ஓர் உவமை பொருந்தி வருகிறது. குரங்குக் குட்டி தாயைத் தானே இறுகப் பற்றிக்கொள்ளும். பூனைக்குட்டி ஒன்றும் செய்யாது, தாயே வாயில் கவ்விச் செல்லும். முன்னதை மர்க்கட நியாயம் என்றும், பின்னதை மார்ஜார நியாயம் என்றும் கூறுவர். வடகலையாருக்கு முன்னதும் தென்கலையாருக்குப் பின்னதும் உரியவை என்பது வழக்கு. நாவுக்கரசர் வரலாற்றுக்கு இதைச் சொல்லலாமா என்று ஐயுறுவோர், ஆடவல்லானும் கோவிந்தராசரும் ஒரே வளாகத்தில் காட்சி தரும் தில்லையை நினைத்துக்கொள்ளலாம். உடல் தேயும் வரை அவர் குரங்குக் குட்டி. குளத்தில் மூழ்கிய கணத்தில் பூனைக்குட்டி. வடகோடியிலிருந்து காவிரிக் கரை வரை அவர் நடந்து வரவில்லை, எடுத்து வரப்பட்டார்.

எடுத்து வந்து காட்டியது என்ன? திருவையாற்றில் பிடியும் களிறும், கோழியும் பேடையும், குயில், அன்னம், மயில், அன்றில், பன்றி, நாரை, கிளி, நாகும் ஏறும் எனத் துணையோடு வந்த உயிர்கள் எல்லாம் அவருக்குச் சிவமும் சக்தியுமாகத் தோன்றின. பனிமலையில் தேடியது, ஊர்ப்புறத்து விலங்குகளிடமும் பறவைகளிடமும் கிடைத்தது. அவ்வரிசையில் பூனை இல்லை என்பது பூனை வளர்ப்போருக்கு ஒரு சிறு குறை.

மத்திய அரசு நடத்தும் கயிலை யாத்திரைக்கு 70 வயதே வரம்பு. அதைக் கடந்தோர் ஆடி அமாவாசையன்று திருவையாறு சென்றால், அப்பர் பெருமான் கண்ட கயிலைக் காட்சி விழாவைக் கண்ணாரத் தரிசிக்கலாம். தஞ்சையிலிருந்து ஏறக்குறைய 13 கிலோமீட்டர். சிதம்பரத்தாருக்கு ஓரிரவுப் பயணமே. அடுத்த வீட்டாரிடம் இரண்டு வேளைப் பாலுக்குச் சொல்லி வைத்தால் போதும்.