1729-ஐ விடுங்க, 200-ஐப் பாருங்க!

டிசம்பர் 22 வந்தால் போதும். 2012 முதல் அது தேசிய கணித தினம். ராமானுஜன் படத்துக்கு மாலை, மேடையில் 1729 டாக்ஸி கதை, நாமகிரித் தாயார் கனவில் வந்து சூத்திரம் சொன்ன கதை. கைத்தட்டல், காபி. கூட்டம் கலைந்தாச்சு!

கும்பகோணம் சாரங்கபாணி சன்னதித் தெருவில் வளர்ந்த அந்த மனிதர் என்ன வேலை செய்தார்? அதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

1918-ல் ஹார்டியோடு சேர்ந்து அவர் எழுதிய கட்டுரையின் கேள்வி ரொம்ப எளிது. ஓர் எண்ணை எத்தனை விதமாகக் கூட்டிக் கொண்டுவரலாம்? 4-க்கு ஐந்து வழி: 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1. 200-க்கு? 39,72,99,90,29,388!

"கம்ப்யூட்டர் இருக்கே, எல்லாத்தையும் போட்டுப் பார்த்தா ஆச்சு" என்கிறார்கள். நொடிக்கு நூறு கோடி வழிகளை எழுதும் மெஷினுக்கு 200-ஐ முடிக்கவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். 400-க்கு இருநூறு வருஷம் தாண்டும்.

ஆனால் மக்மகான் என்பவர் 200-க்கான விடையைக் கையாலேயே போட்டார். எப்படி? வழிகளை அவர் எழுதவே இல்லை. ஆய்லர் காட்டிய முறைப்படி, சின்ன எண்களின் விடைகளைக் கூட்டிக் கழித்தே பெரிய எண்ணுக்கு ஏறினார். இன்று லேபில் 'டைனமிக் புரோகிராமிங்' என்று நடத்துவதும் இதே யோசனைதான். ஹார்டி-ராமானுஜன் சூத்திரத்தின் முதல் எட்டு உறுப்புகளும் அதே எண்ணைத் தந்தன. வித்தியாசம் வெறும் 0.004.

இந்த யோசனை டெல்டாவுக்குப் புதுசா? எட்டு நாழி ஒரு குறுணி, இரண்டு குறுணி ஒரு பதக்கு, இரண்டு பதக்கு ஒரு தூணி, மூன்று தூணி ஒரு கலம். பெரிய அளவில் ஆரம்பித்து இறங்கினால், மிகக் குறைந்த தடவையில் நெல்லை அளந்துவிடலாம். ஒவ்வொரு அளவும் அடுத்ததில் மீதியில்லாமல் அடங்குவதுதான் காரணம். 1, 3, 4 என்று அளவுகள் இருந்தால் இந்த வித்தை பலிக்காது. 6-க்கு 4+1+1 என்று மூன்று தடவை அளக்க வேண்டும்; 3+3 என்றால் இரண்டே தடவை. எந்தக் குறுக்குவழி எங்கே செல்லும் என்று யோசிப்பதுதான் அல்காரிதம்.

ராமானுஜனின் பக்தி அவருடையது, அதில் யாருக்கும் சண்டை இல்லை. ஆனால் எல்லாம் கனவில் வந்தது என்று முடித்துவிட்டால், கனவு வராத மாணவன் என்ன செய்வான்? மாலை போட்டுவிட்டுப் போவான், அவ்வளவுதான்.

அடுத்த டிசம்பர் 22-ல் 1729-க்குப் பதிலாகக் கரும்பலகையில் ஒரே ஒரு கேள்வி எழுதுங்கள்: 5-க்கு எத்தனை வழி?

ஏழு. நம்பவேண்டாம், எண்ணிப் பாருங்கள்!