எல்லாம் நாரிப்பிடிப்பு அல்ல

வயலில் குனிந்தும் மூட்டை சுமந்தும் வாழ்கிற கட்டைபறிச்சானில் நாரி நோவு புதினமல்ல. எண்ணெய் பூசி உருவி, இரண்டு நாள் பாயில் கிடந்தால் பெரும்பாலும் சுகம் வந்துவிடும். ஆனால் மிக அபூர்வமாக வேறொரு நோவு வரும். அது மெல்லக் கூடுவதில்லை. முதுகில் கத்தி இறங்கியது போல ஒரே கணத்தில் வரும். 1928இல் மிஷோன் என்ற பிரெஞ்சு மருத்துவர் அதைக் குத்துவாள் குத்துக்கே ஒப்பிட்டார். கூடவே கால் சோர்ந்தாலோ, மரத்தாலோ, சலம் போகாமல் நின்றாலோ உருவக் கூடாது. உடனே 1990 என்ற இலக்கத்தில் அம்புலன்ஸை அழைக்க வேண்டும். கிண்ணியாப் பாலம் 2009இல் திறந்து, மற்றப் பாலங்களும் வந்தபின், திருகோணமலை ஆஸ்பத்திரிக்குப் போகப் பாதைப்படகுக்காகக் கரையில் காத்து நிற்கும் காலம் போய்விட்டது.

அப்படிக் குத்துவது ஏன்? முண்ணாணுக்குக் குருதி கொண்டுபோகும் நாடிகள் நூல்போல மெல்லியவை. அவற்றில் ஒன்றின் சுவர் நைந்து, பழைய சைக்கிள் டியூப்பைப் போலப் புடைத்து வெடித்தால், முண்ணாணைச் சூழ்ந்த நீரில் குருதி கலக்கும். மூளையைச் சூழ்ந்திருப்பதும் அதே நீர்தான்; ஆகவே தலையிடியும் கழுத்து விறைப்பும் வரலாம். இவ்வகைக் குருதிக்கசிவில் முண்ணாண் காரணமாவது நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. வைத்தியர்கள் முதலில் மூளையைத் தேடுவது இதனால்தான். அங்கே பிழை காணாவிட்டால் முதுகையும் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்க்க வேண்டும். புடைப்பைத் துல்லியமாகக் காட்டுவது, நாடிவழியே மெல்லிய குழாய் செலுத்திச் சாயம் விட்டு எடுக்கும் அஞ்சியோகிராம்.

அதன்பின் வருவதுதான் வீட்டாருக்கு விளங்காத கட்டம். வெடித்த இடம் தெரிந்தும், சிலவேளை வைத்தியர்கள் கை வைக்காமல் காத்திருப்பார்கள். அது அக்கறையின்மை அல்ல. மூளை நாடிப் புடைப்புகள் பலவற்றுக்குப் பழத்தின் காம்புபோல ஒரு கழுத்து உண்டு. அதில் கிளிப் போடலாம். முண்ணாணில் பெரும்பாலும் நாடியே நீளவாட்டில் வீங்கியிருக்கும். அதை அடைத்தால் முண்ணாணுக்குக் குருதி நின்று, காலே போய்விடலாம். சில புடைப்புகள் தாமாகவே உறைந்து மூடிக்கொள்வதும் உண்டு. ஆகவே மறுபடி அஞ்சியோகிராம் எடுத்துப் பார்க்கிறார்கள். புடைப்பு பெருத்தால், திரும்பக் கசிந்தால், உறைந்த குருதி முண்ணாணை நெரித்தால் சத்திரசிகிச்சை அல்லது குழாய்வழிச் சிகிச்சை.

காத்திருக்கும் அந்த நாட்களில் கட்டிலருகே இருப்பவர் கவனிக்க வேண்டியவை சில: கால்விரல் நேற்றுப்போல அசைகிறதா, தொட்டால் தெரிகிறதா, நோவு புதிதாகக் குத்துகிறதா. சிறு மாற்றம் கண்டாலும், நடுச்சாமமானாலும், தாதியை எழுப்பிச் சொல்லுங்கள்.